இறுதியாட்டத்தில் எந்த எஞ்சின்? ஸ்டாக்ஃபிஷும் லீலாவும்

மண்டபம், பாம்பன், கீழக்கரை என எங்கள் கடற்கரை ஊர்களில் சதுரங்கம் பயிலும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய மடிக்கணினியோ பெற்றோரின் கைபேசியோதான் வாய்க்கிறது. அதில் இறுதியாட்டத்தை, அதாவது சில காய்களே எஞ்சிய கட்டத்தை, ஆராய எந்த எஞ்சின் (சதுரங்க நகர்வுகளைக் கணிக்கும் நிரல்) நல்லது, ஸ்டாக்ஃபிஷா, லீலாவா என்று அவர்கள் கேட்கிறார்கள். சோதிக்கும் முறை சரியாக இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்காது.

முதலில் டேபிள்பேஸை, அதாவது முடிவுகள் பதிந்த அட்டவணையை, எஞ்சினிலிருந்து துண்டிக்க வேண்டும். ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிஸிஜி அட்டவணைகள், ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரையுள்ள நிலைகளுக்கு வெற்றியா, தோல்வியா, சமனா என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கின்றன. 1895-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சவேத்ரா நிலையில் மொத்தமே நான்கு காய்கள். அட்டவணை இணைந்திருந்தால் எந்த எஞ்சினும் சிப்பாயை ராணியாக்காமல் யானையாக்கிவிடும். அங்கே நாம் அளப்பது எஞ்சினின் கணிப்பை அல்ல, அட்டவணையைத்தான்.

லாஸ்கர்–ரைக்ஹெல்ம் நிலை (1901) இதைவிடச் சிறந்த உரைகல். ஒன்பது காய்கள் இருப்பதால் தொடக்கத்தில் அட்டவணை நேரடியாக உதவாது. சிப்பாய்கள் அனைத்தும் முட்டி நிற்க, வெள்ளை ராஜா ஏ1-லிருந்து பி1-க்குச் செல்வது மட்டுமே வெல்லும். வெவ்வேறு வழிகளில் ஒரே நிலைக்கு வந்து சேர்வதை, ஆராய்ந்த நிலைகளைச் சேமித்து வைக்கும் ஹாஷ் நினைவகத்தின் மூலம் அடையாளம் காண்பதால், ஸ்டாக்ஃபிஷ் இங்கே மிக ஆழமாகத் தேடுகிறது. ஆனால் வெள்ளைக்கு இந்நிலையில் மூன்றே நகர்வுகள்தான் உண்டு. கண்மூடித் தேர்ந்தாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு இருப்பதால், நகர்வு சரியாக அமைந்ததோடு நில்லாமல் எஞ்சின் நிலைக்குத் தரும் மதிப்பெண் உயர்கிறதா, ஆட்டத்தை இறுதிவரை வென்று முடிக்கிறதா என்றும் பார்ப்பது அவசியம். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் ஹாஷை அழித்துவிட வேண்டும்.

நகர்த்தியே தீர வேண்டிய கட்டாயத்தால் நிலை கெடும் சுக்ஸ்வாங் நிலைகளையும் சேர்க்கலாம். ஒரு முறையை எதிரிக்கு விட்டுக்கொடுத்துப் பார்த்துத் தேடலைச் சுருக்கும் உத்தி அங்கே ஏமாற்றக்கூடும். சிப்பாய்கள் மட்டுமே எஞ்சியுள்ள தரப்புக்கு ஸ்டாக்ஃபிஷ் அந்த உத்தியைப் பயன்படுத்துவதில்லை.

லீலா வெற்றி வாய்ப்பை மதிப்பிட்டு ஆடுவது. பல நகர்வுகளும் ஏறக்குறைய உறுதியான வெற்றியைத் தரும்போது முடிவை விரைவுபடுத்தாமல் அலைந்த குறை அதற்கு இருந்தது. ஆட்டம் முடிய எஞ்சிய நகர்வுகளின் எண்ணிக்கையை மதிப்பிடும் பகுதி 2020-இல் சேர்ந்தபின் அது பெரிதும் சீரடைந்தது. எனினும் அது நரம்பியல் வலையமைப்பைக் கொண்டு இயங்குவதால், கிராஃபிக்ஸ் கார்டு இன்றி அதன் வேகம் மிகவும் குறைவு.

ஆகையால் எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்டாக்ஃபிஷையும், சுமார் 1 ஜிபி மட்டுமே பிடிக்கும் ஐந்து காய் அட்டவணையையும் பரிந்துரைக்கிறேன். ஆறு காய்க்குச் சுமார் 150 ஜிபி தேவைப்படும். ஒன்றை மட்டும் அவர்கள் கவனிக்க வேண்டும்: உடைக்க முடியாத அரண் அமைந்த சமநிலையிலும் ஸ்டாக்ஃபிஷ் ஒரு பக்கத்துக்குச் சாதகமான மதிப்பெண் காட்டக்கூடும். தேடல் ஆழம் கூடியும் அந்த எண் உயராமல் நின்றால், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பலகையில் ஆடிப் பார்க்கச் சொல்கிறேன்.