அறுகம்பை விடுதி டொமைனில் டிமார்க்: ஒன்றரை வருடப் பாவனைக்குப் பிறகு

எஸ்பிஎஃப் (நம் டொமைன் பெயரில் எந்த சேர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் ஒப்பம்), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற கொள்கை) மூன்றையும் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் பொதுப் பதிவேட்டில், எழுத அரை நாள் போதும், காசும் தேவையில்லை. ஆனால் தேறாத மெயிலை ஏற்க மறுக்கச் சொல்லும் 'ரிஜெக்ட்' நிலைக்குப் போய்ச் சேர இங்கே நான்கு மாதம் பிடித்தது. நம் பெயரில் நாமே எங்கெங்கிருந்து மெயில் அனுப்புகிறோம் என்று தேடுவதிலேயே அதில் பெரும்பகுதி போனது.

அமைப்பு எளியது. சிறிய விடுதி ஒன்றின் .எல்கே டொமைன். ஊழியர் மெயில் கூகுள் வேர்க்ஸ்பேஸில், வேர்ட்பிரஸ் தளம் பகிர்வு ஹொஸ்டிங்கில், இன்வொய்ஸ் கணக்கு மென்பொருளிலிருந்து. பாசிக்குடா விடுதி, சம்மாந்துறை அரிசி ஆலை, மருதமுனைக் கைத்தறிக் கடை என்று எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். பயமும் ஒன்றுதான்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, மீதிப் பணத்தை இதற்குப் போடுங்கள்" என்று விடுதியின் முகவரியிலிருந்தே வந்ததுபோல வெளிநாட்டு முகவருக்கு ஒரு மெயில். மெயில் நெறிமுறை, 'ஃப்ரம்' வரியில் யார் என்ன எழுதினாலும் தடுக்காது.

எஸ்பிஎஃப்பில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, பழைய வரி இருக்கவே இரண்டாவது எஸ்பிஎஃப் வரியைச் சேர்ப்பது. ஒரு டொமைனுக்கு ஒரு வரிதான்; இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. அடுத்தது, ஒரு எஸ்பிஎஃப் சோதனைக்குப் பத்து டிஎன்எஸ் தேடல்தான் என்ற வரம்பு. 'இன்க்ளூட்', 'ஏ', 'எம்எக்ஸ்' ஒவ்வொன்றும் எண்ணப்படும், இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடும் சேர்த்துத்தான். நேரடியாக எழுதும் ஐபி எண்ணப்படாது. மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: பகிர்வு ஹொஸ்டிங் சேர்வரின் ஐபியை எஸ்பிஎஃப்பில் சேர்த்தால், அதே சேர்வரில் குடியிருக்கும் மற்றத் தளங்களும் உங்கள் பெயரில் அனுப்பி எஸ்பிஎஃப்பில் தேறலாம். ஹொஸ்டிங் நிர்வாகப் பக்கமான சி-பெனல் தானாகவே இதைச் சேர்த்துவைக்கும். நாங்கள் எடுத்துவிட்டோம்; தளத்தின் மெயிலை 587 போர்ட் வழியாக, லொகின் செய்து, கூகுளூடாகவே அனுப்பவைத்தோம்.

டிகிம் திறப்பை 2048 பிட்டில் எடுங்கள். அந்த வரி 255 எழுத்தைத் தாண்டும். டிஎன்எஸ்ஸில் ஒரு துண்டு அதற்கு மேல் போகாது. சில பெனல்கள் தாமே இரண்டாகப் பிரிக்கும், சில சத்தமில்லாமல் வெட்டிவிடும். சேமித்த பிறகு கடைசிப் பத்து எழுத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். கூகுளில் இன்னொரு குழி: வரியை டிஎன்எஸ்ஸில் போட்டபின் அட்மின் பக்கத்துக்குத் திரும்பிப்போய் 'ஸ்டார்ட் ஒதென்டிகேஷன்' அழுத்த வேண்டும். மறந்தால் கூகுள் தன் சொந்த டொமைனின் பெயரில் ஒப்பமிடும். ஜிமெயிலின் 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தில் டிகிம் 'பாஸ்' என்றே தெரியும், ஆனால் டிமார்க்குக்கு அது உதவாது.

காரணம் இதுதான். எஸ்பிஎஃப் பார்ப்பது, சேர்வர்கள் தமக்குள் பரிமாறும் கடித உறையில் உள்ள முகவரியை. வாசகர் பார்ப்பது உள்ளே கடிதத் தலைப்பில் உள்ள 'ஃப்ரம்' முகவரியை. எஸ்பிஎஃப் அல்லது டிகிம், ஏதோ ஒன்றாவது அந்த 'ஃப்ரம்' டொமைனோடு பொருந்தித் தேற வேண்டும் என்பதே டிமார்க்கின் கேள்வி.

டிமார்க் வரியின் பெயர்ப் பெட்டியில் அடிக்கோட்டோடு 'டிமார்க்' என்று மட்டும் எழுதுங்கள். முழு டொமைனையும் எழுதினால் பல பெனல்கள் பின்னால் இன்னொரு முறை டொமைனை ஒட்டிவிடும். நம் பெயரில் வந்த மெயில்கள் பற்றிப் பெறும் சேர்வர்கள் அனுப்பும் அறிக்கைக்கு அதே வரியில் ஒரு முகவரி கொடுப்போம்; அதற்குத் தனிப் பெட்டி வேண்டும். முதலாளியின் இன்பொக்ஸில் தினமும் சிப் கோப்புகள் விழுந்தால் மூன்றாம் நாளே நிறுத்தச் சொல்வார். அந்த முகவரி வேறொரு டொமைனில் இருந்தால், அந்த டொமைனும் தன் டிஎன்எஸ்ஸில் சம்மதம் தெரிவிக்கும் வரி ஒன்றைப் போட வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கை வராது. டிஎன்எஸ் க்ளவுட்ஃப்ளேரில் இருந்தால் அறிக்கையின் எக்ஸ்எம்எல் கோப்போடு மல்லுக்கட்டத் தேவையில்லை, அங்கேயே இலவசமாகப் பிரித்துக் காட்டும்.

ஒரு அறிக்கை வரி எப்படி இருக்கும் என்பதற்கு, மாதிரி எண்களோடு: மூல ஐபி 203.0.113.25, எண்ணிக்கை 14, டிகிம் ஃபெயில், எஸ்பிஎஃப் ஃபெயில். முதற்பார்வைக்குத் திருட்டு மெயில்தான். கீழே விரிவான முடிவைப் பார்த்தால் எஸ்பிஎஃப் 'பாஸ்', ஆனால் டொமைன் இருக்கும் இடத்தில் ஹொஸ்டிங் சேர்வரின் பெயர். அதாவது நம் தளத்தின் தொடர்புப் படிவமே. இதே படிவத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது: நிரப்புபவரின் முகவரியையே 'ஃப்ரம்'மில் வைத்தது. யாஹூ 2014 முதலே ரிஜெக்டில் இருப்பதால், யாஹூ முகவரி உள்ள விருந்தினர் கேட்ட முற்பதிவு விசாரணை விடுதிக்கு வந்துசேராது. 'ஃப்ரம்'மில் விடுதி முகவரி, 'ரிப்ளை டூ'வில் விருந்தினர் முகவரி என்று மாற்றியதும் தீர்ந்தது. இந்த ஒன்றுக்காகவே அறிக்கைகளைப் படிக்கலாம்.

அறுகம்பையில் சித்திரை தொடங்கி ஐப்பசி வரை சீசன். அந்த மாதங்களில் கொள்கையை மாற்றுவது வீண் தலையிடி. சீசன் முடிந்ததும் 'நன்' (எதையும் தடுக்காமல் அறிக்கை மட்டும் பெறும் நிலை) போட்டு ஆறு கிழமை வைத்தோம். குறைந்தது ஒரு மாதக் கடைசியாவது அதற்குள் வர வேண்டும், இன்வொய்ஸ் மென்பொருள் அப்போதுதான் வாய் திறக்கும். ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் போட்டோகொப்பி மெசினும் அப்போதுதான் அகப்பட்டது. பிறகு, தேறாததை ஸ்பாமில் போடச் சொல்லும் 'குவாரன்டைன்', மாசியில் 'ரிஜெக்ட்'. 'நன்' நிலையிலேயே வருடக்கணக்காக நிற்கும் டொமைன்கள் ஏராளம். அது பாதுகாப்பு இல்லை, வெறும் கண்காணிப்பு. நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோருக்கு 2024 பெப்ரவரி முதல் கூகுள் டிமார்க்கைக் கட்டாயமாக்கியது. அங்கே 'நன்' போதும் என்பதால் பலரும் அதோடு நின்றுவிட்டார்கள்.

ரிஜெக்டுக்குப் பிறகு வந்த சிக்கல் இரண்டே. முகவர் ஒருவர் தன் அலுவலக முகவரியை ஜிமெயிலுக்குத் தானாகத் திருப்பிவிட்டிருந்தார். திருப்பினால் எஸ்பிஎஃப் உடையும். உள்ளடக்கம் மாறாத வரை டிகிம் தாங்கும். அவருடைய சேர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் அடிக்குறிப்பு ஒட்டியதால் டிகிமும் உடைந்தது. அவரிடம் நேரடி ஜிமெயில் முகவரியை வாங்கியதுதான் தீர்வு. மற்றது, அடுத்த சீசனில் செய்திமடல் சேவை ஒன்றை யாருக்கும் சொல்லாமல் இணைத்தது. டிகிம் போடும் வரை அந்த மெயில் ஒன்றும் போய்ச் சேரவில்லை.

ஒரெழுத்து மாற்றி வாங்கிய டொமைனையும், விடுதியின் பெயரைக் காட்டி ஏதோ ஒரு ஜிமெயிலிலிருந்து வருவதையும் டிமார்க் தொடாது. கைத்தொலைபேசியில் பெயர் மட்டும்தான் தெரியும், முகவரி மறைந்திருக்கும். ஆகவே முகவர்களுடனான ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம்: கணக்கு எண் மாறினால் ஏற்கனவே தெரிந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து உறுதிசெய்யாமல் பணம் அனுப்பக்கூடாது.

பெயரைக் காப்பாற்ற வாங்கி, மெயில் இல்லாமல் சும்மா கிடக்கும் .கொம் போன்ற டொமைன்களுக்குக் காத்திருக்க ஒன்றுமில்லை. எஸ்பிஎஃப்பில் கழித்தல் குறியோடு 'ஆல்' மட்டும் (யாரும் அனுப்பக்கூடாது), டிமார்க்கில் நேரடியாக 'ரிஜெக்ட்', மெயில் பெறும் சேர்வரைச் சொல்லும் எம்எக்ஸ்ஸில் முன்னுரிமை 0, சேர்வர் பெயர் இருக்கும் இடத்தில் வெறும் புள்ளி. பத்து நிமிட வேலை.