‘க’ விழாமல் போன கீபோர்டு: மாற்றிய பிறகு நீண்ட நாள் அனுபவம்

என் லேப்டாப் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. நான்காவது வருடத்தில் கீபோர்டில் சில கீகள் செத்துப்போயின. கீபோர்டை மட்டும் மாற்றி, அன்றிலிருந்து அதே லேப்டாப்பில்தான் முழுநேரமும் வேலை பார்க்கிறேன். கீபோர்டு போனதும் பலர் புது லேப்டாப் விலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. எந்தெந்தக் கீ விழவில்லை என்று பொறுமையாகப் பார்த்து எழுதிக்கொண்டாலே பழுது எங்கே என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

எனக்குத் தட்டச்சுதான் பிழைப்பு. தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு முறையில் அடிப்பவன். முதலில் போனவை ஜி, எச், அப்பாஸ்ட்ரபி, பேக்ஸ்பேஸ் ஆகிய நான்கும். தமிழ்99-இல் ஜி என்பது எ, எச் என்பது க, அப்பாஸ்ட்ரபி என்பது ய. க இல்லாமல் தமிழில் ஒரு பத்தி அடித்துப் பாருங்கள், பாதி வாக்கியம் நிற்காது. தப்பாக அடித்ததை அழிக்கவும் பேக்ஸ்பேஸ் இல்லை. மற்ற கீகள் எல்லாம் புதிது போலவே விழுந்தன.

இந்த நான்கும் ஒரே நேரத்தில் போனதுதான் முக்கியமான தடயம். ஒவ்வொரு கீயிலிருந்தும் தனித்தனி ஒயர் மதர்போர்டுக்குப் போவதில்லை. கீகளுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். அவற்றில் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சடித்திருப்பார்கள். எட்டுக் குறுக்குக் கோடு, பதினாறோ பதினெட்டோ நெடுக்குக் கோடு என்று வலை மாதிரி அமைப்பு. கீயை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்ளும். மதர்போர்டில் உள்ள சிறு சிப் எந்த இரண்டு தொட்டன என்று பார்த்து, இது இன்ன எழுத்து என்று சொல்லும். ஆகவே ஒரு கோடு அறுந்தால் அந்தக் கோட்டில் இருக்கும் கீகள் மொத்தமாகப் போகும். மேலிருந்து பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் தெரியும். எந்தக் கோட்டில் எந்தக் கீ என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

ஒரே ஒரு கீ மட்டும் போயிருந்தால் கதை வேறு. அந்தக் கீயின் அடியில் தூசு இருக்கலாம், ரப்பர் குமிழ் நகர்ந்திருக்கலாம், கத்தரிக்கோல் மாதிரி இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருக்கலாம். அதற்குக் கீபோர்டையே மாற்ற வேண்டாம். ஒரு கீகூட விழவில்லை என்றால் கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் ரிப்பன் கேபிள், டிரைவர் என்ற மென்பொருள், அல்லது மதர்போர்டு என்று யோசிக்கலாம்.

வன்பொருள்தான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் விண்டோஸை விலக்கிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது பயாஸ் திரைக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரை) போய் அம்புக்குறி, எஸ்கேப், என்டர் விழுகின்றனவா என்று பார்க்கலாம். உள்ளே போக எஃப்2, எஃப்10, டெலீட் என்று நிறுவனத்துக்கு ஒரு கீ. எழுத்துகளைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி, உபுண்டு லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்ப்பது. அங்கே விழுந்தால் கோளாறு விண்டோஸில். அங்கேயும் விழாவிட்டால் மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. என் கீபோர்டில் க அங்கேயும் விழவில்லை.

விண்டோஸில்தான் கோளாறு என்றால் பெரும்பாலும் சின்ன விஷயமாக இருக்கும். சிறிய லேப்டாப்களில் நம்லாக் ஆன் ஆகிவிட்டால் யு, ஐ, ஓ, ஜே, கே, எல் எல்லாம் எண்களாக விழும். வலது ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதி முளைக்கும். அது ஆன் ஆகிவிட்டால் கீயை நிறுத்தி அழுத்தினால்தான் எழுத்து வரும், வேகமாக அடிப்பவர்களுக்குக் கீபோர்டே செத்தது போலத் தோன்றும். அப்டேட்டுக்குப் பிறகு மொத்தமாக நின்றிருந்தால் டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் செய்து ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (சீக்கிரம் ஆன் ஆவதற்கான வசதி) இருக்கும்போது ஷட்டவுனில் விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை, ரீஸ்டார்ட்டில்தான் மூடுகிறது.

கழற்றுவதற்கு முன் லேப்டாப்பைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, கீபோர்டின் நடுப்பகுதி வீங்கியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அடியிலிருந்து அது நெட்டித் தள்ளுவதால்தான் கீ சரியாக விழாது. அப்போது கீபோர்டை மறந்துவிடுங்கள். சார்ஜ் போடாமல், குத்தாமல், அழுத்தாமல் நேராகக் கடைக்கு எடுத்துப் போய் முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். தீப்பிடிக்கும் சங்கதி அது.

என்னுடையதில் பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. அடிமூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கீபோர்டின் ரிப்பனை உருவி முனையைத் துடைத்துத் திரும்பச் செருகினேன். ரிப்பனைப் பிடித்திருக்கும் சிறிய தாழ்ப்பாளை நகத்தால் நிமிர்த்திய பிறகுதான் இழுக்க வேண்டும். அது உடைந்தால் மதர்போர்டு வேலையாகிவிடும். நான்கு கீகளும் திரும்ப வந்தன. சில நாளில் மறுபடி போயின, மழைக்காலத்தில் இன்னும் மோசம். நான் இருப்பது தூத்துக்குடியில், கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லை. இங்கே உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே தாங்காது. தாளில் அச்சடித்த கோடுதான் அரித்துப்போயிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

சர்வீஸ் சென்டரில் மேல்மூடியோடு (கீபோர்டைச் சுற்றியிருக்கும் சட்டம்) சேர்த்துத்தான் மாற்றுவோம் என்றார்கள். சொன்ன தொகைக்கு ஓரளவு நல்ல பழைய லேப்டாப்பே வாங்கிவிடலாம். காரணம், கீபோர்டைத் திருகாணி போட்டுப் பொருத்தவில்லை. மேல்மூடியின் பிளாஸ்டிக் முளைகளை உருக்கிப் பதித்திருக்கிறார்கள். பழைய லேப்டாப்களில் சில திருகாணியைக் கழற்றினால் கீபோர்டு கையோடு வந்துவிடும். மெலிதாகச் செய்கிறேன் என்று அந்த வசதியை எடுத்துவிட்டார்கள், இது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம். ஆப்பிள் 2015-இல் கொண்டுவந்த பட்டர்ஃபிளை கீபோர்டில் தூசு போனாலே கீ சிக்கிக்கொண்டது. 2018-இல் இலவசப் பழுதுத் திட்டம் அறிவித்தார்கள், 2019 கடைசியில் பழைய கத்தரிக்கோல் அமைப்புக்கே திரும்பத் தொடங்கினார்கள். அதிலும் பல சமயம் சில கீகளுக்காகப் பேட்டரியோடு சேர்த்து மேல்மூடி முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்க் கடைத் தம்பிதான் வழி சொன்னார். “மூடியை மாத்த வேண்டாம் அண்ணாச்சி. முளையை வெட்டிட்டு கீபோர்டை மட்டும் வச்சி, சால்டரிங் அயர்னால உருக்கிப் பிடிச்சிரலாம். ஆனா பழைய இறுக்கம் இருக்காது, பாத்துக்கிடுங்க.” பழைய கீபோர்டின் முதுகில் இருந்த பார்ட் நம்பரை வைத்துச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் வரவழைத்தோம். கீபோர்டும் கூலியும் சேர்ந்து சர்வீஸ் சென்டர் கேட்டதில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை. வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ரிப்பன் எந்தப் பக்கம் வருகிறது, என்டர் கீ அமெரிக்க வடிவமா பிரிட்டிஷ் வடிவமா, விளக்குக்குத் தனியாகச் சிறு ரிப்பன் இருக்கிறதா, பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கிறதா என்று படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு சொல்கிறேன், மாற்றியது சரியான முடிவு. ஒரு கீகூட இதுவரை தவறவில்லை. குறைகளும் உண்டு. தம்பி சொன்னபடி ஸ்பேஸ்பாருக்கு மேலே நடுப்பகுதி அழுத்தினால் லேசாகத் தாழ்கிறது. ஆரம்பத்தில் கீகள் கொஞ்சம் விறைப்பாக இருந்தன, சில மாதத்தில் பதம் வந்துவிட்டது. எழுத்து அச்சு மட்டமானது, ஏ-யும் என்-னும் ஏற்கெனவே அழிந்துவிட்டன. பின்விளக்கு உள்ளது கிடைக்காததால் இல்லாததைப் போட்டேன், இரவில் அதன் அருமை தெரிகிறது. உப்புக் காற்றுக்காக சிலிகான் உறை போட்டுப் பார்த்தேன், பிடிக்கவில்லை. அடிப்பதற்கு வழுக்குகிறது, சூடு வெளியேறுவதும் தடைப்படுகிறது, அதோடு மூடினால் திரையில் தடம் பதிகிறது. இப்போது வேலை முடிந்ததும் மூடி, பையில் போட்டு வைக்கிறேன்.

புது கீபோர்டு வரும் வரை ஒயர் வைத்த சாதாரண யுஎஸ்பி கீபோர்டில் வேலை பார்த்தேன். சில நூறு ரூபாய்தான். புளூடூத்தைவிட இதையே சொல்வேன், பயாஸிலும் வேலை செய்யும். வெளியே போகும்போது மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற மென்பொருளில் உள்ள கீபோர்டு மேனேஜரில் வேலை இல்லாத ஒரு கீயை எச் ஆக மாற்றிக்கொண்டேன். நன்றாகவே உதவியது. ஆனால் லாகின் திரையில் அது செல்லாது. பாஸ்வேர்டில் அந்த எழுத்து இருந்தால் திரைக் கீபோர்டைத் திறந்துதான் அடிக்க வேண்டும். ஷார்ப்கீஸ் என்ற இலவச மென்பொருள், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலேயே மாற்றுவதால் லாகினிலும் செல்லும்.

இவை எல்லாம் விழாத கீக்கு. விட்டு விட்டுத் தானாக அடித்துக்கொண்டே இருக்கும் கீக்கு வெளிக் கீபோர்டு மட்டும் தீர்வாகாது, உள்ளே இருக்கும் கீபோர்டின் ரிப்பனையும் கழற்ற வேண்டும். பவர் பட்டன் அந்தக் கீபோர்டிலேயே இருந்தால் ரிப்பனைக் கழற்றிய பிறகு ஆன் செய்யவே முடியாமல் போகும், முதலில் அதைக் கவனியுங்கள்.

என் மாடலுக்கான கீபோர்டு கடைகளில் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் போன மாதம் இன்னொன்றை வாங்கி, உறை பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன், இந்தத் தடவை பின்விளக்கோடு.