பவுடர் பானமா, வீட்டுச் சமையலா: இரைப்பை அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம்

அண்ணனுக்கு ஈப்போவில் இரைப்பைச் சுருக்க அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. எடை 128 கிலோ. பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு). அறுவைக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கு உணவியல் நிபுணர் இரண்டு வழிகளைச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார். சாப்பாட்டுக்கு ஈடான பவுடரை வேளைக்கு ஒரு பாக்கெட் தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம். அல்லது சோற்றை நிறுத்திவிட்டு வீட்டுச் சமையலையே அளந்து சாப்பிடலாம். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் மூன்று நாளாக இதே பேச்சு. பால்மரம் வெட்டிய சம்பளத்தில் எங்களைச் சோறு போட்டு வளர்த்த அம்மாவுக்குப் பவுடர் என்றாலே கோபம். “டின் மாவைக் குடித்துவிட்டு ஆபரேஷனுக்குப் போனால் உடம்பு தாங்குமா?” என்கிறார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே அறுவையைச் செய்துகொண்டவள் நான். அப்போது சமையல் வழியில்தான் போனேன். ஆனாலும் அண்ணனுக்குப் பவுடரைத்தான் சொல்கிறேன்.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. அதன் இடது மடல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கிறது. நுண்துளை வழியாகக் கருவிகளைச் செலுத்தும் மருத்துவர், முதலில் அந்த மடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையை அடைய முடியும். கொழுப்பு படிந்து வீங்கிய கல்லீரல் கனமாக இருக்கும், எளிதில் கிழிந்து இரத்தம் கசியும். மாவுச்சத்தைக் குறைத்தால், கல்லீரல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்த சர்க்கரை முதலில் கரைகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால் அந்த நீரும் சேர்ந்து வெளியேறுகிறது. பிறகு கொழுப்பும் குறைகிறது. சுருக்கத்தின் பெரும்பகுதி முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிடுகிறது. தராசு எவ்வளவு காட்டுகிறது என்பது இந்தப் பதினான்கு நாளில் இரண்டாவது கேள்விதான்.

இரண்டு வழிகளும் நாளுக்கு 800 கலோரிக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. சமையல் வழியில் என் தட்டு இப்படி இருந்தது: பசியாறலுக்கு இரண்டு அவித்த முட்டை, பகலில் நூறு கிராம் கெம்போங் மீனும் ஒரு மங்கு கங்கோங் கீரையும், மாலையில் கொழுப்பு குறைந்த பால் ஒரு குவளை, இரவு நூறு கிராம் கோழி நெஞ்சுக்கறியும் வெள்ளரிக்காயும். புரதம் 70 கிராமை ஒட்டி வந்துவிடும். செலவும் குறைவு, சந்தையில் எப்படியும் வாங்கும் பொருள்கள்தான். மென்று சாப்பிடுவதால் மனம் அடங்குகிறது, குடும்பத்தோடு உட்கார முடிகிறது. புரட்டாசி குறுக்கிட்டால் மீனுக்கும் கோழிக்கும் பதில் சோயாவில் செய்த தௌஃபூவும் தெம்பேயும் வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே என்றால், எங்கள் கைக்கு அளவு தெரியாது. தாளிக்கும்போது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினால் 120 கலோரி. சம்பாலில் அரைக் கோப்பைத் தேங்காய்ப்பால் சேர்ந்தால் 200க்கும் மேல். தட்டில் மீன் மட்டும்தானே என்று நான் நிம்மதியாக இருந்த நாள்களில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று இப்போது கணக்குப் போட்டால் சங்கடமாக இருக்கிறது. “ஒரு கை சோறுதானே, சாப்பிடு” என்று அம்மா பரிமாறுவதை மறுக்க எனக்குத் தினமும் தெம்பு வேண்டியிருந்தது. அண்ணன் அம்மாவை ஒருநாளும் மறுத்ததில்லை.

பவுடரில் அந்தப் போராட்டம் இல்லை. பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 200 கலோரி, நாளுக்கு நான்கு. புரதமும் வைட்டமின்களும் அளந்தே வருகின்றன. அண்ணன் செம்பனை லாரி ஓட்டுபவர். விடியுமுன் கிளம்பி ஆலைக்கு ஆலை போகிறவருக்கு ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும்தான் பழக்கம். குலுக்கிக் குடிக்கும் குவளை லாரியிலேயே இருந்துவிடும். அறுவைக்குப் பிறகும் முதல் இரண்டு வாரம் திரவம்தான் உணவு என்பதால், இது முன்கூட்டிய பழக்கமாகவும் ஆகிறது. குறையும் உண்டு: விலை அதிகம், மூன்றாம் நாளே வாய் சலித்துவிடும், மலச்சிக்கல் வரும், முதல் சில நாள் தலைவலி இருக்கும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வாங்கும்போது, ஒருவேளை உணவுக்கு ஈடாகத் தயாரித்த பவுடர்தானா என்று பார்த்து வாங்குங்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் புரத மாவில் வைட்டமின்களும் தாதுக்களும் முழுதாக இருக்காது. மைலோ இதற்கு ஈடாகாது. “திரவம்தானே” என்று எங்கள் தெருவில் ஒருவர் மூன்று வேளையும் மைலோ குடித்து எடை கூடியதை நான் பார்த்தேன்.

வெறும் பாலும் தயிரும் என்று மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. மலிவானதுதான். ஆனால் பால் ஒத்துக்கொள்ளாத வயிறு நம்மவர்களில் பலருக்கு, இரும்புச்சத்தும் போதாது. அண்ணனுக்குச் சரிவராது. இரவுச் சந்தையில் விற்கும் மெலிவுக் காப்பியின் பக்கமே போகாதீர்கள். அப்படிப்பட்ட பொருள்களில் பசியை அடக்கும் சிபுட்ரமின் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இதய ஆபத்தால் 2010-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது.

எந்த வழியானாலும், இனிப்பு நீர் உள்ளவர் முதல் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் மருந்துப் பட்டியலைக் காட்ட வேண்டும். உணவு பாதியாகும்போது இன்சுலினும், சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லாசைடு மாத்திரையும் பழைய அளவிலேயே போனால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். லாரி ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இனிப்பு நீருக்கே தரும் எம்பாகுளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இன்னும் நுட்பமான ஆபத்து: மாவுச்சத்து குறைந்த நாள்களில், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தம் அமிலமாகக்கூடும். அதனால் அவற்றை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது.

நான்கு மாதம் அவகாசம் இருந்திருந்தால் அண்ணனுக்கும் சமையல் வழியையே சொல்லியிருப்பேன். அளவு தவறும் ஒருநாளை அடுத்த வாரத்தில் சரிசெய்துகொள்ள முடியும். பதினான்கு நாளில் அந்த இடம் இல்லை.

திங்கட்கிழமை தொடங்குகிறார். மருத்துவர் எழுதித் தந்த புதிய மருந்து அளவை அண்ணி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டார். அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம்: காலையும் மாலையும் அண்ணனின் விரலில் சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதுவது. நேற்றே கருவியை எடுத்து இரண்டு முறை பழகிப் பார்த்துக்கொண்டார்.