டெபியன், பைபிஐ, ஃபிளாட்ஹப்: கட்டற்ற மென்பொருளை எந்தக் களஞ்சியத்துக்கு ஆயத்தம் செய்வது?

பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்டு ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்தில் வெளிவரும் ஒரு சிறிய செயலியை எடுத்துக்கொள்வோம். தமிழ் உரையைப் பிடிஎஃப் கோப்பாக மாற்றித் தரும் அந்தச் செயலி, ஓர் எழுத்துருவையும் சில படவுருக்களையும் வேறு யாரோ எழுதிய ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பையும் தன்னோடு சேர்த்தே வைத்திருக்கிறது. இதைப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் சேர்க்க நினைப்பவர் முன் டெபியன் (ஒரு லினக்ஸ் இயங்குதளம்), பைபிஐ (பைத்தான் மென்பொருள்களின் களஞ்சியம்), ஃபிளாட்ஹப் (லினக்ஸ் செயலிகளின் களஞ்சியம்) என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்குமான கட்டளைகளை ஓரிரு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பெட்டிக்குள் இருப்பதை யார் படித்துப் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள் என்பதில் மூன்றும் வெகுவாக வேறுபடுகின்றன. ஆயத்த வேலையின் அளவைத் தீர்மானிப்பதும் அதுவே.

பைபிஐயில் யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. பெயர், பதிப்பெண், உரிமம், சார்புகள் (இயங்கத் தேவைப்படும் பிற மென்பொருள்கள்) ஆகியவற்றை ஒரே அமைப்புக் கோப்பில் எழுதி, மூலநிரலை ஒரே கோப்பாகக் கட்டிய டார்பாலையும், நேரே நிறுவத்தக்க வீல் கோப்பையும் உருவாக்கி, ட்வைன் என்ற பதிவேற்றக் கருவியால் ஏற்றிவிட்டால் சில நிமிடங்களில் உலகில் எவரும் அதைப் பிப் கட்டளையால் நிறுவிக்கொள்ளலாம். உரிமம் என்ற இடத்தில் எழுதியது உள்ளே இருக்கும் எழுத்துருவுக்கும் பொருந்துமா என்று எவரும் கேட்க மாட்டார்கள். இந்தத் திறந்த கதவுக்கு ஒரு விலையும் உண்டு: தீங்கு நிரல்களின் வரத்து மிகுந்ததால் 2024 மார்ச் மாதத்தில் புதிய பயனர் பதிவையே பைபிஐ தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. அதே ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இரு காரணி உறுதிப்பாடு எல்லாக் கணக்குகளுக்கும் கட்டாயம். மேலும், ஒருமுறை ஏற்றிய கோப்பை நீக்கினாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. விட்டுப்போன ஒரு கோப்புக்காகப் புதிய பதிப்பெண்ணே தர வேண்டும். ஆகவே முதலில் சோதனைக் களஞ்சியத்தில் ஏற்றி, அங்கிருந்து வெற்றுச் சூழல் ஒன்றில் நிறுவிப் பார்ப்பது நல்லது.

டெபியனில் நிலைமை தலைகீழ். முதலில், இன்ன மென்பொருளைப் பொதியாக்க எண்ணியிருக்கிறேன் என்று வழு அறிக்கை வடிவில் அறிவிக்க வேண்டும். பதிவேற்றும் உரிமை இல்லாதவர் ஒரு டெபியன் உறுப்பினரைப் புரவலராகத் தேடிக்கொள்ள வேண்டும். அதன் பின் புதிய பொதி ஒவ்வொன்றும் வரிசையில் நின்று, களஞ்சியப் பொறுப்பாளர் குழுவினர் ஒருவரின் கண்ணில் பட்ட பிறகே உள்ளே நுழைகிறது. இது சில நாளிலும் முடியலாம், மாதக்கணக்கிலும் இழுக்கலாம். அவர்கள் முதன்மையாகப் பார்ப்பது பதிப்புரிமைக் கோப்பைத்தான். எந்தெந்தக் கோப்புகள், யாருடைய பதிப்புரிமை, எந்த உரிமம் என்ற மூன்று புலங்களை, மூலநிரலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் விடுபடாமல் அதில் நிரப்பியிருக்க வேண்டும்.

நம் செயலி இங்கேதான் திணறும். படவுருக்கள் வணிகமல்லாப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற உரிமத்தில் இருந்தால், 1997-இல் வகுக்கப்பட்ட டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளின்படி அவை முதன்மைப் பிரிவில் இடம்பெற முடியாது. அவற்றை நீக்கி டார்பாலை மறுபடி கட்டி, அந்நெறிகளின் சுருக்கப் பெயரைப் பதிப்பெண்ணின் பின்னொட்டாகச் சேர்ப்பது வழக்கம். இடைவெளிகளை நீக்கிச் சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு மட்டும் போதாது, மனிதர் திருத்தக்கூடிய மூல வடிவமும் வேண்டும். எழுத்துரு லோஹித் தமிழாக இருந்தால் அதைச் சுமந்து வரவே வேண்டாம். அது ஏற்கெனவே தனிப் பொதியாக இருப்பதால் சார்பாகக் குறித்தால் போதும். பொதியைக் கட்டும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்கக் கூடாது. பொதிகளைச் சோதிக்கும் லிண்டியன் கருவி சுட்டும் பிழைகளையும் ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். பலர் இதை வீண் கெடுபிடி என்று சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை; தம் மென்பொருளுக்குள் யார் யாருடைய உழைப்பு இருக்கிறது என்பதை ஆசிரியரே முழுதாகப் படித்துப் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

டெபியனின் உண்மையான குறை வேறு. நிலைப்பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வருவதால், ஆசிரியர் எப்போதோ திருத்திவிட்ட வழுக்களைப் பற்றிப் பயனர்கள் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். மாதந்தோறும் மாறும் செயலிக்கு அது பெருந்தொல்லை.

ஃபிளாட்ஹப் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சார்புகள் ஒவ்வொன்றின் முகவரியையும் சரிபார்ப்புத் தொகையையும் பட்டியலிட்ட செய்முறைக் கோப்பை இணைப்புக் கோரிக்கையாக அனுப்பினால் மதிப்பாய்வாளர்கள் படிக்கிறார்கள்; கட்டும்போது இணையத் தொடர்பு இங்கும் இல்லை. ஆனால் அவர்கள் துருவிக் கேட்பது வேறு கேள்விகள்: செயலி பயனரின் வீட்டு அடைவு முழுவதையும் ஏன் அணுக வேண்டும், விளக்கமும் திரைப்பிடிப்புகளும் ஒழுங்காக உள்ளனவா, அடையாளப் பெயரிலுள்ள இணையப் பெயர் உங்களுடையதுதானா. கட்டற்றதல்லாத மென்பொருளுக்கும் இடமுண்டு என்பதால், படவுருவின் வணிகத் தடை அங்கே வாயிலை அடைத்துவிடாது. ஏற்கப்பட்ட பின் புதிய பதிப்பு விரைவில் பயனரை அடையும்; செயலி சார்ந்து இயங்கும் அடித்தளத் தொகுப்பின் ஆதரவுக் காலம் முடியுமுன் புதியதற்கு மாறும் பொறுப்பு மட்டும் ஆசிரியருக்கு நீடிக்கும்.

மதிப்பாய்வு உண்டென்பதாலேயே எல்லாம் பிடிபட்டுவிடாது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட பின்கதவு, அதாவது எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவிக்குள் மறைத்து வைக்கப்பட்ட தீங்கு நிரலின் முக்கியமான ஒரு கண்ணி, மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை; வெளியீட்டு டார்பாலில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகள் டெபியனின் நிலையற்ற கிளைக்கும் சோதனைக் கிளைக்கும் (வெளியீட்டுக்கு முந்தைய கட்டங்கள்) வந்துவிட்டன; நிலைப்பதிப்பை எட்டவில்லை. எந்தக் களஞ்சியத்துக்கு அனுப்பினாலும், டார்பாலை மடிக்கணினியில் கையால் கட்டாமல், கையொப்பமிட்ட கிட் குறியிலிருந்து யாரும் மறுபடி உருவாக்கக்கூடிய விதத்தில் கட்டுவது நல்லது.

நம் செயலிக்கு என் தேர்வு ஃபிளாட்ஹப். பிடிஎஃப் ஆக்கும் உட்பகுதியைத் தனி லைப்ரரியாகப் பிரித்தால், அது பைபிஐக்குப் போகட்டும். ஆனால் படவுருக்களை மாற்றுவதும், எழுத்துருவின் உரிமக் கோப்பைச் சேர்ப்பதும், ஜாவாஸ்கிரிப்டின் மூலத்தை வைப்பதும் முதல் வெளியீட்டுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நிரலின் மாற்ற வேகம் தணிந்த பிறகு டெபியனின் பைத்தான் குழுவை அணுகினால், பொதியை அவர்களோடு கூட்டாகவே பராமரிக்கலாம்.