மூளைக்குள் செருகும் புரோப்கள்: எது எதற்கு லாயக்கு?

மூளை செல்களின் துடிப்பைப் பதிவு செய்யும் புரோப்களை, அதாவது மூளைக்குள் செருகும் மெல்லிய கருவிகளை, ஒப்பிட உட்கார்ந்தால் எல்லாரும் முதலில் பார்ப்பது சேனல் எண்ணிக்கையை, ஒரே நேரத்தில் எத்தனை சமிக்ஞைகள் பதிவாகும் என்பதைத்தான். நான் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். எவ்வளவு ஆழம் போக வேண்டும், அதே இடத்தில் எத்தனை நாள் நிற்க வேண்டும், இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது. ஒரு நியூரான் (மூளை செல்) ஸ்பைக், அதாவது ஒரு குறுகிய மின்துடிப்பு, அடிக்கும்போது வெளியே கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட், மிஞ்சினால் சில நூறு. சமிக்ஞையைப் பிடிக்கும் மின்முனை அந்த செல்லிலிருந்து சுமார் 100 மைக்ரானுக்குள் (0.1 மில்லிமீட்டர்) இல்லையென்றால் அதுவும் இரைச்சலில் கரைந்துவிடும்.

முதலில் டெட்ரோடு. தலைமுடியைவிட மெல்லிய நான்கு கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, சூடு காட்டி ஒட்டவைத்து, நுனியில் தங்க முலாம் பூசினால் தயார். ஒரே ஸ்பைக் நான்கு நுனிகளிலும் நான்கு அளவில் விழும், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பக்கத்துப் பக்கத்து செல்களைப் பிரிக்கிறார்கள். எலியின் தலையில் பொருத்திய பிறகும் சின்ன ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி நாள்கணக்கில் கீழே இறக்கலாம். நினைவாற்றலோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் சிஏ1 என்ற செல் அடுக்கு நெருங்கும்போது திரையில் வேகமான சிற்றலைகள் தெரிய ஆரம்பிக்கும், இன்னும் கொஞ்சம் இறக்கினால் ஸ்பீக்கரில் படபடவென்று ஸ்பைக் சத்தம் கேட்கும். இப்படிச் செல்லைத் தேடிப் போய்ப் பிடிக்கும் வசதிக்காகவே டெட்ரோடு இன்னும் பல ஆய்வகங்களில் நிற்கிறது. ஆனால் கையால் செய்யும் வேலை, பொறுமை வேண்டும், ஒரு டெட்ரோடில் சிக்கும் செல்கள் சொற்பம்.

அந்தக் குறையைத்தான் 2017இல் வந்த நியூரோபிக்சல்ஸ் தீர்த்தது. 10 மில்லிமீட்டர் நீளம், 70 மைக்ரான் அகலம் கொண்ட சிலிக்கான் ஊசி, அதில் 960 பதிவுப் புள்ளிகள். சுண்டெலியில் ஒரே செருகலில் மேலே உள்ள கார்டெக்ஸ், அதற்குக் கீழே ஹிப்போகாம்பஸ், இன்னும் ஆழத்தில் தாலமஸ் ஆகிய மூன்று பகுதிகளையும் சேர்த்துக் கேட்கலாம் என்பது நிஜமாகவே பெரிய விஷயம். 2021இல் வந்த இரண்டாம் பதிப்பு இன்னும் சிறியது, நான்கு ஊசி கொண்ட வகையில் 5120 புள்ளிகள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: இரண்டு பதிப்பிலுமே ஒரே நேரத்தில் பதிவாவது 384 சேனல்தான், மற்ற புள்ளிகளை மாற்றி மாற்றித்தான் தேர்ந்தெடுக்க முடியும். அந்த 384க்கே நொடிக்கு 30,000 மாதிரி, மாதிரிக்கு இரண்டு பைட் என்று கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் 80 ஜிபியைத் தாண்டும். ஸ்பைக்குகளைப் பிரிக்கும் கணினியும் சேமிப்பும் இல்லாமல் புரோபை மட்டும் வாங்கி வைத்துப் பயனில்லை.

செருகும் விதத்திலும் கவனம் வேண்டும். நியூரோபிக்சல்ஸை நொடிக்குச் சில மைக்ரான் என்ற வேகத்தில் மெதுவாக இறக்குவார்கள், அவசரப்பட்டால் ஊசி வளையும், திசுவும் அமுங்கும். யூட்டா அரே என்ற ஊசிக் கட்டு இதற்கு நேர் எதிர். 4 மில்லிமீட்டர் சதுரத்தில் 100 ஊசிகள் அடர்ந்து நிற்பதால் மெதுவாக அழுத்தினால் மூளையே கீழே பள்ளமாகப் போகும், அதனால் காற்றழுத்தக் கருவியால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரே அடியாக அடித்து இறக்குகிறார்கள். ஊசி நீளம் 1 முதல் 1.5 மில்லிமீட்டர், வழக்கமாக நுனியில் மட்டும் மின்முனை. ஆக, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரே ஆழம், அவ்வளவுதான்.

ஆனாலும் மனிதர்களில் நீண்ட அனுபவம் என்று கேட்டால் என் ஓட்டு யூட்டா அரேக்குத்தான். உடல் செயலிழந்தவர்கள் மூளைச் சமிக்ஞையால் கணினியை இயக்க முயலும் பிரெயின்கேட் ஆய்வில் 2004லேயே பொருத்தப்பட்டது, ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருக்கிறது. 2023இல் பேச்சிழந்த ஒருவர் பேச முயன்றதை நிமிடத்துக்கு 62 சொல் வேகத்தில் எழுத்தாக்கிய ஸ்டான்ஃபோர்டு ஆய்விலும் இதே வகை அரேதான். இதற்குத் தனித்தனி செல்லைப் பிரித்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மின்முனையைச் சுற்றியுள்ள செல்களின் ஒட்டுமொத்தத் துடிப்பே போதும். வடுத்திசு வளர்ந்து சமிக்ஞை குறையும் என்பதும், மண்டையோட்டில் பொருத்திய இணைப்பான் தோலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் தொற்று அபாயம் உண்டு என்பதும் நிஜமான குறைகள். நோயாளிக்கு இவை சின்ன விஷயமல்ல.

வடுவுக்குப் பெரிய காரணம் விறைப்பு. சிலிக்கான் மூளைத் திசுவைவிடக் கோடி மடங்குக்கும் மேல் விறைப்பானது. ஒவ்வொரு மூச்சிலும் நாடித்துடிப்பிலும் மூளை அசையும், ஊசி கூடவே வளைந்து கொடுக்காது. அதனால்தான் பாலிஇமைடு (ஒருவகை பிளாஸ்டிக்) போன்ற வளையும் பொருளில் மெல்லிய இழைகள் செய்கிறார்கள். நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்தியதில் 64 இழைகள், 1024 மின்முனைகள். தோலுக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, எல்லாம் வயர்லெஸ். இழை துவண்டு போவதால் தானாக உள்ளே இறங்காது, ஒவ்வொன்றையும் ரோபோ ஊசியால் நுழைக்க வேண்டும். சில வாரங்களில் பல இழைகள் பின்வாங்கிவிட்டன என்று அந்த நிறுவனமே சொன்னது. மென்பொருளைத் திருத்தித்தான் அவர் கணினி கர்சரை நகர்த்தும் வேகத்தை மீட்டார்கள். விறைப்பான ஊசி திசுவைக் காயப்படுத்துகிறது என்றால், வளையும் இழை வைத்த இடத்தில் நிற்க மறுக்கிறது. நீண்ட காலத்துக்கு வளையும் இழைதான் சரியான பாதை என்று நம்புகிறேன், ஆனால் இன்றைக்கு ஒரு நோயாளிக்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஆண்டுக்கணக்கில் தரவு உள்ள அரேயைத்தான் சொல்வேன். சுண்டெலி ஆய்வென்றால் நியூரோபிக்சல்ஸ் இரண்டாம் பதிப்பு. கைக்காசு குறைவு, ஹிப்போகாம்பஸ் மட்டும் போதும் என்றால் தயங்காமல் டெட்ரோடு.