மணி பிளாண்டா, ஸ்னேக் பிளாண்டா?

திருகோணமலை உவர்மலையில் எங்கள் விறாந்தையில் இப்போது நிற்பது ஸ்னேக் பிளாண்ட். அதற்கு முன் மணி பிளாண்ட், பக்கத்து வீட்டு மாமி கிள்ளித் தந்த கொடி, கண்ணாடிப் போத்தலில் இருந்தது.

அழகென்றால் மணி பிளாண்டுதான். கணுவோடு வெட்டித் தண்ணீரில் வைத்தாலே வேர்விடும், செலவில்லை. பிலோடென்ட்ரன் என்ற கொடியும் பார்க்க இதே மாதிரி. இலைக்காம்பைத் தடவிப் பாருங்கள்: மணி பிளாண்டில் மேற்பக்கம் வாய்க்கால் போலப் பள்ளம் ஓடும். ஸ்னேக் பிளாண்டைப் பார்த்து அம்மா "கற்றாழையோ?" என்றார். கற்றாழை மடல் சதைப்பிடிப்பு, விளிம்பில் முள். இது தட்டை, முள் இல்லை. வறண்ட பற்றைகளில் தானாக வளரும் மருள் இதன் சொந்தக்காரன்.

இந்தச் செடிகள் வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்ற கதையை விடுங்கள். 1989 இல் நாசா சோதித்தது மூடிய பெட்டிக்குள். யன்னல் திறந்த வீட்டில் இரண்டும் ஒன்றுதான். பூனை கடித்தால் இரண்டும் கூடாது.

எனக்கு முடிவு சொன்னது தண்ணீர். ஒரு நாள் மாமி போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இஞ்ச பார் பிள்ளை, புழு நெளியுது" என்றார். 2017 இல் பக்கத்துக் கிண்ணியா டெங்கால் பட்ட பாட்டைப் பார்த்த ஊர் இது. கிழமைக்கொரு தடவை தண்ணீர் மாற்றினால் மட்டும் போதாது, நுளம்பு முட்டை போத்தல் சுவரில் ஒட்டியிருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டு கிழமை தேய்த்தேன், மூன்றாவது கிழமை மறந்தேன்.

சரி, மண்ணுக்கு மாற்றினேன். கச்சான் காற்று தொடங்கியதும் இரண்டு நாளைக்கொரு முறை தண்ணீர் கேட்டது. ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் பாதி இலை மஞ்சள். அருகில் நின்ற ஸ்னேக் பிளாண்டுக்கு நாங்கள் போனதே தெரியாது.

அதைக் கொல்வது நம் அன்புதான். மாரியில் சாரல் அடித்து ஒரு மடலின் அடி கொழகொழத்து நாறியது. வெட்டி எறிந்து உள்ளே தூக்கி வைத்தேன். ஆற்றுமணலும் தும்புத்தூளும் கலந்த மண் நல்லது, கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. விரலை இரண்டு அங்குலம் விட்டுக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்க விடாதீர்கள், அங்கேயும் நுளம்பு வரும். சாடி மாற்றும் வேளை எனக்கு இன்னும் வரவில்லை. கன்றுக்கு இரண்டு வயதுதான்.

மாமிக்கும் ஒன்று வேண்டுமாம். மஞ்சள் கரை போட்ட மடலைத் துண்டாக்கி மணலில் குத்தினேன். மாதக்கணக்கில் அசையாமல் நின்று, பிறகு முளை விட்டது, தனிப் பச்சையாக. "இது வேற கன்றெல்லோ?" என்று மாமி முறைக்கிறார். மஞ்சள் கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும். இந்த மழை விடட்டும், தோண்டித் தருகிறேன் என்றிருக்கிறேன்.