ப்ரூச் பொக்கே செய்ய வீட்டு ப்ரூச்சை வெளிய கொடுக்கப் போறீங்களா, முதல்ல இதைப் படிங்க

இதை ரெண்டு மூணு தடவை எழுத உக்காந்து கோவத்துல பாதியில விட்டுட்டேன். இப்பவும் கோவம் போகல, ஆனா இன்னொருத்தர் வீட்டு நகையும் இதே மாதிரி போயிடக் கூடாதேன்னுதான் எழுதுறேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு நிஜப் பூவுக்கு பதிலா ப்ரூச்லயே, அதான் புடவையில குத்திக்கிற அலங்கார ஊசி, அதுலயே பொக்கே செஞ்சு கொடுக்கணும்னு ஆசைப்பட்டது நான்தான். பாட்டியோடது, அம்மாவோடது, ரெண்டு அத்தை, சித்தின்னு எல்லார் பெட்டியையும் திறக்க வச்சு ஒண்ணு ஒண்ணா சேர்த்தேன், மொத்தம் 43. பாட்டி இப்ப இல்ல. அவங்க எப்பவும் குத்திக்கிற இலை ப்ரூச் ஒண்ணு, பச்சைக் கல் வச்சது, அதுல ஒரு கல் எப்பவோ விழுந்து கொஞ்சம் வெளிர் பச்சையில வேற கல் பதிச்சிருப்பாங்க. பொக்கேக்கு நடுவுல அது வரணும், அதைச் சுத்தி மத்ததெல்லாம். தங்கச்சி அதைக் கையில பிடிச்சிட்டு நிக்கும்போது பாட்டியும் கூட நிக்கிற மாதிரி இருக்கும்னு நினைச்சேன்.

செய்யத் தெரியாததால ஆன்லைன்ல ஆர்டர் எடுத்து செய்யுற ஒரு பொண்ணுகிட்ட கொடுத்தேன். பேஜ்ல போட்டோ எல்லாம் அவ்வளவு அழகு. போன்ல பேசும்போது தெளிவா கேட்டேன், ஒட்டுவீங்களா கம்பியில கட்டுவீங்களான்னு. கம்பிதான்க்கா, ஒரு சொட்டு பசை கூட வைக்க மாட்டேன், கல்யாணம் முடிஞ்சதும் பிரிச்சு அவங்கவங்களுக்கு திருப்பிக் கொடுத்துடலாம்னு சொன்னா. அத்தைங்க இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கொடுத்தாங்க. ஆனா அது போன்ல சொன்ன வார்த்தை, மெசேஜ்ல ஒரு வரி கூட வாங்கி வைக்கல. முழு பணமும் முன்னாடியே கேட்டா, கொடுத்துட்டேன். ப்ரூச் எல்லாத்தையும் ஒரு துணி மேல பரப்பி மேல இருந்து ஒரே ஒரு போட்டோ எடுத்தேன், அவ்வளவுதான் என்கிட்ட இருந்த ரெக்கார்டு.

ஆறு வாரம் டைம் கேட்டா. நடுவுல எவ்வளவு தூரம் வந்திருக்கு ஒரு போட்டோ அனுப்பும்மான்னு கேட்டப்போ எல்லாம் "சர்ப்ரைஸா இருக்கட்டும்க்கா"ன்னு பதில். அப்பவே நேர்ல போய் பார்த்திருக்கணும். இப்ப சொல்றேன், வேலை பாதியில இருக்கும்போது போட்டோ காட்ட மறுக்கிறவங்ககிட்ட ஒரு நாள் கூட உங்க பொருளை விட்டு வைக்காதீங்க.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி டப்பா வந்துச்சு. கையில எடுத்ததுமே பக்குனு ஆச்சு, ஏன்னா வெயிட்டே இல்ல. நாப்பது மெட்டல் ப்ரூச், ஒவ்வொண்ணுக்கும் தனித் தண்டா கம்பி, அதை மொத்தமா சேர்த்துக் கட்டி மேல ரிப்பன் சுத்தினா ஒரு கிலோவைத் தாண்டும், கொஞ்ச நேரம் பிடிச்சாலே கை வலிக்கும். இது பந்து மாதிரி லேசா இருந்துச்சு. திருப்பிப் பார்த்தா உண்மையாவே பந்துதான், தெர்மோகோல் உருண்டை, அது மேல க்ளூ கன் வச்சு எல்லாத்தையும் ஒட்டியிருக்கா. உருண்டையில சில இடம் அந்த சூட்டுல உருகி குழியாகி அங்க இருந்த ப்ரூச் ஆடிட்டு இருந்துச்சு. தட்டையா ஒட்டுறதுக்காக பின்னாடி இருக்கிற ஊசியை கட்டிங் ப்ளையர் வச்சு வெட்டியிருக்கா. அம்மா அதைப் பார்த்துட்டு பேசவே இல்ல.

சித்தி உக்காந்து எண்ணினாங்க. பொக்கேல மொத்தம் 41 இருந்துச்சு, அதுல 32தான் எங்களோடது, மிச்சம் 9 புதுசு, மெட்டல் மாதிரி பெயிண்ட் அடிச்ச ப்ளாஸ்டிக். அப்போ எங்களோடது 11 காணோம், அதுவும் பார்த்துப் பார்த்து நல்லதா எடுத்த மாதிரி 11. நடுவுல ஒரு இலை ப்ரூச் இருந்துச்சு, தூரத்துல பார்த்தா பாட்டியோடது மாதிரியேதான். ஆனா எல்லாக் கல்லும் ஒரே பச்சை, அந்த வெளிர் பச்சைக் கல் இல்ல. பின்பக்கம் பார்த்ததும் சந்தேகமே இல்லாம போச்சு. பாட்டியோடதுல பூட்டே கிடையாது, சும்மா வளைஞ்ச ஒரு கொக்கிதான், ஊசி முனை அதைத் தாண்டி கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருக்கும். பழைய ப்ரூச் நிறைய இப்படித்தான் இருக்கும். இதுல இருந்தது உருட்டி மூடுற பூட்டு.

போன் பண்ணினா, நீங்க கொடுத்ததே இதுதான்க்கா, உங்க போட்டோலயே இருக்கு பாருங்கன்றா. இருக்குதான், முன்பக்கம் மட்டும், 43 ப்ரூச் சேர்ந்து ஒரே போட்டோல, ஜூம் பண்ணினா கல் கலர் கூட தெரியல. பாட்டி அதைக் குத்திட்டு நிக்கிற பழைய போட்டோவை அனுப்பினேன், அது கருப்பு வெள்ளை. பசையைப் பத்திக் கேட்டதுக்கு நெயில் பாலிஷ் ரிமூவர்ல ஊற வைங்க வந்துடும்னு சொன்னா. தயவு செஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க. அதுல இருக்கிற அசிட்டோன் போலி முத்து மேல இருக்கிற பூச்சை உரிச்சிடும், மெட்டல் மேல பெயிண்ட் மாதிரி பூசின எனாமலைக் கெடுத்துடும், ப்ளாஸ்டிக் கல்லா இருந்தா கரைச்சே போட்டுடும். இந்த ப்ரூச்ல இருக்கிற கண்ணாடிக் கல் நிறைய பின்னாடி வெள்ளி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறதாலதான் மின்னுது, ஈரமோ கெமிக்கலோ உள்ள போனா அந்தக் கல் செத்த மாதிரி சாம்பல் கலராயிடும், திரும்ப மின்ன வைக்க வழியே இல்ல. அத்தையோட ஒரு ப்ரூச்ல சூப்பர் க்ளூ வேற போட்டிருந்தா, அந்தப் புகை படிஞ்சு கல் மேல வெள்ளையா பனி பிடிச்ச மாதிரி ஆயிருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி சித்தியும் நானும் தூங்கல. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை பட்ஸ்ல தொட்டு, கல் பக்கம் போகாம க்ளூ கன் பசையோட ஓரத்துல மட்டும் வச்சா கொஞ்ச நேரத்துல அது பிடி விட்டு கழண்டு வருது, சித்திக்குதான் இது தெரிஞ்சிருந்துச்சு. 32ல 26 உருப்படியா வந்துச்சு. 18 கேஜ் கம்பி, அதாவது கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் தடிமன், அதை தண்டா வச்சு, மெல்லிசு கம்பியை ப்ரூச்சோட டிசைன் ஓட்டை வழியா விட்டு தண்டோட சேர்த்து முறுக்கி, மேல ப்ளோரல் டேப், அதான் பூத்தண்டு சுத்துற டேப், சுத்தினோம். ஊசி வெட்டாத ப்ரூச்சா இருந்தா இன்னும் சுலபம், ஊசியிலயே கம்பியைச் சுத்திடலாம். நடுவுல காலியா இருந்த இடத்துக்கு துணிப் பூ. முடிக்கும்போது விடிஞ்சிடுச்சு. கஷ்டமான வேலைதான், ஆனா முன்னாடியே எங்களுக்கு இது தெரிஞ்சிருந்தா வெளிய கொடுத்திருக்கவே மாட்டோம்.

தங்கச்சி அதைத்தான் கையில பிடிச்சா. இதுல பாட்டியோட ப்ரூச் எதுன்னு கேட்டா, எனக்கு பதில் சொல்ல வரல.

அதுக்கப்புறம் தினமும் மெசேஜ் போட்டு, புகார் கொடுக்கப் போறேன்னு சொன்னதும், "வேற ஆர்டரோட கலந்துடுச்சு"ன்னு ஒரு கவர்ல 4 ப்ரூச் அனுப்பினா. கொடுத்ததே இதுதான்னு அவ்வளவு சாதிச்சவகிட்ட இருந்துதான் அந்த நாலும் வந்துச்சு. இலை ப்ரூச் அதுல இல்ல. இன்னும் 7 வரணும், அந்தக் கவரை போட்டோ எடுத்து புகாரோட சேர்த்துக் கொடுத்திருக்கேன்.

கொடுத்தே ஆகணும்னா ஒவ்வொண்ணையும் தனித்தனியா முன்பக்கம் பின்பக்கம் போட்டோ எடுங்க, பூட்டும் ஊசியும் பின்னாடி முத்திரை ஏதாவது இருந்தா அதுவும் தெளிவா தெரியணும். எத்தனை, என்ன எடை, ஒட்டக் கூடாது வெட்டக் கூடாதுன்னு எழுதி அவங்க ஓகேன்னு பதில் போட்ட அப்புறம் கொடுங்க. பணத்துல பாதியாவது கையில வச்சுக்கோங்க. பாட்டியோடது மாதிரி ஒண்ணே ஒண்ணு இருக்கிறதைக் கொடுக்கவே வேணாம், கடைசியில நீங்களே கட்டிக்கிற மாதிரி நடுவுல ஒரு இடம் விடச் சொல்லுங்க. ஏற்கனவே கொடுத்துட்டு காத்துட்டு இருக்கிறவங்க இன்னைக்கே போட்டோ கேளுங்க, பொக்கேயைத் திருப்பி பின்பக்கம் தெரியுற மாதிரி.